மாசுபட்ட நகர மண்ணில் தரைபடர் செடிகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

சாலை நடுத்திட்டு, மேம்பாலத்தின் அடிப்பகுதி, பழைய பட்டறை இருந்த மனை, அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரம் ஆகிய இடங்களில் அருகம்புல், பொடுதலை, வல்லாரை, வெடிலியா போன்றவற்றை நட்டுவிட்டு, அவை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்போர் சென்னையில் நிறைய உண்டு. மண்ணில் கன உலோகம் இருக்குமோ என்ற ஐயம் அவர்களுக்கு எழுவது நியாயமே. ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை இந்தியா முழுவதும் முடிவுக்கு வந்தது 2000ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையோடு வெளியேறிய ஈயம், மண்துகளோடு இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், சாலையோர மேல்மண்ணை விட்டுப் பெரிதாக நகர்ந்துவிடவில்லை. டயர் தேய்மானத்தில் துத்தநாகம், பிரேக் கட்டையின் தூளில் செம்பு, பழைய சுவரிலிருந்து சுரண்டிய பெயிண்டில் ஈயம், முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரில் நிக்கலும் குரோமியமும், பேட்டரி பிரித்த இடத்தில் மறுபடியும் ஈயம் என்று நகர மண்ணுக்கு உலோகம் வந்து சேரும் வழிகள் பல.

ஆயினும், மஞ்சளாகும் ஒவ்வோர் இலைக்கும் உலோகத்தைக் காரணமாக்க முடியாது. செடி பச்சைப் பசேலென்று செழித்திருப்பதாலேயே மண் தூய்மையானது என்றும் சொல்லிவிட முடியாது. இவ்விரண்டு பிழைகளில் இரண்டாவதுதான் ஆபத்தானது. அதனால்தான் கீழே, அறிகுறியே இல்லாத நிலையையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு, மற்றவற்றைவிட விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஒரு செடி உலோகத்தைத் தாங்குகிறது என்றால் அது இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். முதல் வகைச் செடி உலோகத்தை வேரிலேயே நிறுத்திவிடும்: வேரிலிருந்து கசியும் கரிம அமிலங்கள் உலோகத்தைக் கட்டிப்போடும், வேரின் செல்சுவர் அதைப் பிடித்துவைக்கும், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் துணைசெய்யும். இரண்டாம் வகைச் செடி உலோகத்தை மேலே ஏற்றி, இலைச் செல்களின் நுண்குமிழ்களுக்குள் நஞ்சு வெளிப்படாதபடி பூட்டிவைக்கும். செடியின் நலத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். குழந்தைகள் உருண்டு விளையாடும், ஆடு மேயும், யாரோ கீரை பறிக்கும் ஒரு நகரத்தில் முதல் வகைதான் நமக்கு வேண்டியது. எனவே ஒவ்வோர் அறிகுறியிலும் செடி ஏன் வாடுகிறது என்பதோடு உலோகம் எங்கே போய்த் தங்குகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலில் சேதத்தின் வடிவத்தைப் பாருங்கள்

இலையை உற்றுப் பார்ப்பதற்கு முன், பத்தடி பின்னால் நின்று மொத்தப் பரப்பையும் பார்ப்பது நல்லது. துத்தநாகம் பூசிய தடுப்புக் கம்பிக்கு நேர் கீழே, கம்பியின் நீளத்துக்கு ஒரு பட்டையாகச் செடி நலிந்திருந்தால், மழையில் கரைந்து சொட்டும் துத்தநாகத்தை ஐயுறலாம். தகரக் கூரையின் தாழ்வாரத் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் நலிவு இருந்தாலும் அதே ஐயம்தான். சாலையை ஒட்டிய இரண்டு மூன்று அடிக்குள் நலிவு அடர்ந்து, உள்ளே போகப் போகக் குறைந்தால் வாகனங்களிலிருந்து வந்த கலவையாக இருக்கக்கூடும்; ஆனால் மிதிபட்டு இறுகிய மண்ணும் இதே வடிவத்தைத்தான் காட்டும். ஆகவே ஒரு கம்பியை மண்ணில் அழுத்திப் பார்த்து, நான்கு விரற்கடைக்கு மேல் இறங்க மறுத்தால் முதலில் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். நடுவில் கருகி ஓரத்தில் கரும்பச்சையாகச் செழித்த சிறு வட்டங்கள் நாயின் சிறுநீரால் வருபவை. அவற்றை உலோகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இட எல்லையே இல்லாமல் முழுப் பரப்பும் ஒரே சீராக வெளுத்திருந்தால், பெரும்பாலும் பாசன நீரோ நிரப்பிய மண்ணோ காரணமாக இருக்கும்.

அறிகுறி: இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன

நகரத்தில் மிகுதியாகக் காணும் அறிகுறி இதுவே. மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. இரும்புச்சத்து இலைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் இதன் நேர்ப்பொருள். ஏன் சேரவில்லை என்பதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. முதலாவது, மண்ணின் காரத்தன்மை. இடித்த கட்டடத்தின் சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் தூள் கலந்த மண்ணை நிரப்பி அதன்மேல் மெல்லிய செம்மண் போர்வை விரித்திருந்தால், கீழ்மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) எளிதாக 8ஐத் தாண்டும். அந்த நிலையில் மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் கரையாது. இரண்டாவது, துத்தநாகம், செம்பு, நிக்கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிகுந்து, இரும்பு உள்ளே நுழைவதற்கும் நகர்வதற்கும் இடையூறாக இருப்பது. இலையை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

ஆகவே இரண்டு எளிய சோதனைகளைச் செய்யுங்கள். ஒரு கைப்பிடி மண்ணைத் தட்டில் போட்டு அதன்மேல் வெள்ளை வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுதி. அடுத்து, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, மாலை நேரத்தில் ஒரு சதுர அடிப் பரப்பில் மட்டும் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாட்களுக்குள் அந்தச் சதுரம் மட்டும் பச்சைக்குத் திரும்பினால், சிக்கல் இரும்புக் குறைவுதான் என்பது உறுதியாகிறது. தெளிப்பில் பச்சை திரும்பி, மண்ணும் நுரைத்திருந்தால், உலோகத்தைப் பற்றிய கவலையை ஒத்திவைத்துவிட்டு இடிபாட்டு மண்ணை அகற்றும் வழியைப் பார்க்கலாம். பச்சை திரும்பியும் மண் நுரைக்கவில்லை என்றால், அப்போதுதான் துத்தநாகம், செம்பு, நிக்கல் மீது ஐயம் வலுக்கிறது. தெளித்தும் மாற்றமே இல்லையெனில் இரும்பு அல்லாத காரணங்களை, முதலில் வேர் அழுகலையும் உப்பு நீரையும், தேட வேண்டும்.

ஐயம் வலுத்தால் மண் பரிசோதனை நிலையத்தில் நுண்ணூட்டச் சோதனையைக் கேளுங்கள். டி.டி.பி.ஏ. என்ற வேதிக் கரைசலால் பிரித்தெடுக்கும் முறையில் அவர்கள் அளந்து தரும் துத்தநாகம், செடிக்குக் கிடைக்கக்கூடிய பகுதியைக் குறிப்பது. பயிருக்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும். அறிக்கையில் அந்த எண் பல பத்துகளில் இருந்தால் அது ஊட்டம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் பலரும் செய்யும் காரியம், மஞ்சளைக் கண்டதும் கடையில் கிடைக்கும் நுண்ணூட்டக் கலவையை வாங்கித் தூவுவது. அந்தக் கலவையில் இரும்போடு துத்தநாகமும் செம்பும் இருக்கின்றன என்பதை அதன் உறையிலேயே படிக்கலாம். துத்தநாகம் மிகுந்த மண்ணில் அதை இடுவது நோயை வளர்ப்பதாகும்.

அறிகுறி: கொடி ஓடுகிறது, ஆனால் கணுக்கள் வேர் பிடிக்கவில்லை

பொடுதலையும் அருகும் வல்லாரையும் கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையைப் பற்றுபவை. கொடியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நல்ல மண்ணில் ஒவ்வொரு கணுவும் தரையை விட மறுக்கும். மாசு மிகுந்த மண்ணில் முழுக் கொடியும் தடையின்றிக் கையோடு வந்துவிடும். கணுவில் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு முளைத்த வேர்முனைகள் பழுப்பேறி, தடித்து, அங்கேயே நின்றுபோயிருக்கும். பக்கவேர்கள் தோன்றியிருந்தால் அவையும் குட்டையாக, நெருக்கமாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். செம்பு நஞ்சாகும்போது இலைக்கு முன் வேர்நுனியே பாதிக்கப்படுவதால் இந்தக் காட்சி செம்பை நினைவூட்டுகிறது. ஈயமும் காட்மியமும் வேர் நீள்வதைத் தடுப்பவைதாம். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கலாம், ஏனெனில் தாய்ச்செடி நர்சரி மண்ணுருண்டையிலிருந்து ஊட்டம் எடுத்துக்கொண்டிருக்கும். அந்த உருண்டையின் ஈரம் தீர்ந்த கோடையில் முழுப் பரப்பும் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். தண்ணீர் விடுபவரின் மீது பழி விழும்.

இதை உறுதிசெய்ய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஐயத்துக்குரிய மண்ணை ஒரு தொட்டியிலும், ஐயமில்லாத தோட்ட மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி, ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டிய கணுக்களை இரண்டிலும் நட்டு, ஒரே நீரை விட்டு, மூன்று வாரம் கழித்து வேரைக் கழுவி நீளத்தை ஒப்பிடுங்கள். உலோகம் எது என்பதை இது சொல்லாது. மண்தான் காரணமா என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனையும் வேறில்லை. இரண்டு தொட்டியிலும் வேர் ஒரே அளவு வளர்ந்திருந்தால், சிக்கல் இறுக்கத்திலோ நீரிலோ நிழலிலோ இருக்கிறது.

செடியைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் தவறவிடும் ஒரு செய்தி இங்கேதான் பொருந்துகிறது. "அருகம்புல் கன உலோகத்தைத் தாங்கும்" என்ற வாக்கியம் முழுமையற்றது. தாங்கும் ஆற்றல் பல நேரங்களில் ஓர் இனம் முழுமைக்கும் பொதுவானது அன்று. அந்த இனத்தின் குறிப்பிட்ட ஒரு கூட்டத்துக்கு, அது வளர்ந்த மண்ணின் நெருக்கடியால் வந்தது. பிரிட்டனில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி பிராட்ஷாவும் அவரோடு பணியாற்றியவர்களும் வேல்சின் பழைய ஈய, செம்புச் சுரங்கக் குவியல்களில் வளர்ந்த புற்களைக் கொண்டு இதை நிறுவினார்கள். சுரங்கக் குவியலில் முளைத்த புல் தாங்கியது. அதே இனத்தைச் சேர்ந்த, அருகிலிருந்த மேய்ச்சல் நிலத்துப் புல் தாங்கவில்லை. அந்தக் கூட்டங்களிலிருந்து காரத் தன்மையுள்ள ஈய, துத்தநாகக் கழிவுக்கு ‘மெர்லின்', அமிலத் தன்மையுள்ள ஈய, துத்தநாகக் கழிவுக்கு ‘கோகினான்', செம்புக் கழிவுக்கு ‘பேரிஸ்' என்று வணிக ரகங்களே உருவாக்கப்பட்டன. துத்தநாகம் பூசிய மின்கோபுரங்களின் அடியில் வளர்ந்த புற்களில், கோபுரம் நிறுவிய சில பத்தாண்டுகளுக்குள்ளேயே துத்தநாகத்தைத் தாங்கும் கூட்டங்கள் தோன்றியிருந்ததை 1980களின் பிற்பகுதியில் அவர்கள் கண்டனர். நம் தடுப்புக் கம்பிகளின் அடியில் நடப்பதும் இதற்கு மிக நெருங்கிய சூழல்தான்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை வழி எளிது. புதிதாக வாங்கிய புல்தரைத் துண்டுகள் பிடிக்காத அதே இடத்தின் ஓரத்தில், யாரும் நடாமல் தானே பரவி, வெயிலையும் மழையையும் பல ஆண்டுகள் கடந்து நிற்கும் அருகு இருக்கும். அதன் தண்டுகளை வெட்டி அந்த இடத்திலேயே பரப்புங்கள். வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். சீனாவின் ஈய, துத்தநாகச் சுரங்கக் கழிவுமேடுகளில் வளரும் அருகம்புல்லிலும் இத்தகைய தாங்கும் கூட்டங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன என்பதால் இது வெறும் ஊகம் அன்று. சரிவான இடங்களில், உலோகத்தின் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும் வெட்டிவேரை வரிசையாக நட்டு, இடையில் இந்த அருகை விடுவது எனக்குத் தெரிந்த கூட்டுகளில் சிறந்தது.

அறிகுறி: இலை சிறுத்து, கரும்பச்சையாகி, அடியில் ஊதா படர்கிறது

இது மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாட்டின் தோற்றம். ஈயம் மிகுந்த மண்ணில் மணிச்சத்து ஈயத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுவதாலும், வேர் குட்டையாகிவிடுவதாலும் இது நேரலாம். சில செடிகள் கடும் வெயிலில் இயல்பாகவே சிவப்பேறும். பொடுதலையும் நல்ல வெயிலில் சற்று ஊதாச் சாயல் காட்டும். ஆகையால் நிழலில் இருக்கும் இலைகளிலும் அந்த நிறம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். மணிச்சத்து இடுவது இங்கே செடிக்கும் நன்மை, ஈயத்தைக் கட்டுவதற்கும் நன்மை. ஆனால் மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தால் மணிச்சத்து அதை விடுவித்துவிடும். பழைய மரப் பதப்படுத்தும் இடம், பூச்சிக்கொல்லிக் கிடங்கு போன்ற மனைகளில் ஆர்சனிக்கைச் சோதிக்காமல் இதைச் செய்ய வேண்டாம். ஏரிக்கரையில் அளவுக்கு மேல் இட்டால் நீரில் பாசி பெருகும் என்பதையும் மறக்கலாகாது.

அறிகுறி: ஒன்றும் முளைக்காத திட்டு, மேலே மஞ்சள் அல்லது பச்சை கலந்த படிவு

இங்கே செடியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட வேண்டும். மழை விட்டு வெயில் அடித்ததும் மண்ணின்மேல் மஞ்சள் நிற உப்புப் படிவு தோன்றுவதும், தேங்கிய நீர் எலுமிச்சை மஞ்சளாக இருப்பதும் ஆறு இணைதிறன் குரோமியத்தின் அடையாளமாக இருக்கலாம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற, லட்சம் டன்னுக்கும் மேலான கழிவுக் குவியலைச் சுற்றி மண்ணும் நிலத்தடி நீரும் இப்படிக் கெட்டது தமிழகம் அறிந்த செய்தி. தோல் பதனிடுவதில் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் கரையாமல் மண்ணில் அசையாது கிடக்கும்; ஆறு இணைதிறன் குரோமியமோ நீரோடு ஓடும், தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் விளைவிக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கன உலோகம் என்றாலே சுண்ணாம்பு தூவு என்பது பரவலான அறிவுரை. ஈயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் ஆகியவை அமில மண்ணில் மிகுதியாகக் கரைபவை என்பதால் அவற்றுக்கு அது பொருந்தும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அது நேர்மாறு: கார மண்ணில்தான் அது கூடுதலாகக் கரைந்து நகரும். அதை மூன்று இணைதிறன் நிலைக்கு மாற்றுவது மட்கிய கரிமப் பொருளும் இரும்பும்தான். எந்த உலோகம் என்று தெரியாமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கக் கூடாது.

அறிகுறி: முதல் ஆண்டு செழித்தது, இரண்டாம் ஆண்டு நலிகிறது

ஒப்பந்தக்காரர் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நல்ல மண்ணைக் கொட்டி நட்டுவிட்டுப் போன இடங்களில் இது வழக்கமாக நடப்பது. முதல் ஆண்டு வேர் புது மண்ணுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டு கீழே இறங்கிவிட்டது. ஒரு மண்வெட்டிப் பிடியளவு வெட்டிப் பார்த்தால் நிறமாற்றக் கோடும், அந்தக் கோட்டில் வேர்கள் மடங்கிப் பக்கவாட்டில் ஓடுவதும் கண்ணுக்கே தெரியும். 30 சென்டிமீட்டர் நல்ல மண்ணும், அதற்கும் பழைய மண்ணுக்கும் இடையே நீர் புகும் துணிவிரிப்பும் இருந்தால் இது நேராது. பின்னாளில் வெட்டுபவருக்கு எந்த ஆழத்தில் பழைய மண் தொடங்குகிறது என்பதையும் அந்த விரிப்பு காட்டிக்கொடுக்கும்.

உரமும் நீரும் காரணமாகலாம். அம்மோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து இட்டால் சுண்ணாம்பில்லாத செம்மண்ணின் பி.எச். சிறுகச் சிறுகக் குறைந்து, 6க்குக் கீழே போகும்போது அதுவரை அசையாதிருந்த காட்மியமும் துத்தநாகமும் கரையத் தொடங்கும். கடலோரப் பகுதிகளில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சினால், அதிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து கரையும் கூட்டுப்பொருளாகி வேருக்குள் எளிதாக நுழைகிறது. அதாவது உப்பு நீர் செடியை நேரடியாக வாட்டுவதோடு இலையில் காட்மியத்தையும் ஏற்றுகிறது. மாநகரக் குப்பையிலிருந்து வரும் உரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு இட வேண்டாம். உரக் கட்டுப்பாட்டு ஆணை அதற்கு வைத்திருக்கும் மேல்வரம்பு கிலோவுக்கு ஈயம் 100 மி.கி., காட்மியம் 5 மி.கி., துத்தநாகம் 1000 மி.கி.; மூட்டையோடு பகுப்பாய்வுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் பல நாள் நீர் தேங்கிய பின் வரும் நலிவு பெரும்பாலும் காற்றின்மையால் வருவது; வடிகாலைச் சரிசெய்யாமல் அதற்கு வேறு மருந்து இல்லை.

அறிகுறி: அறிகுறியே இல்லை

செடி நன்றாக இருக்கிறது, தரை மூடியிருக்கிறது, மண்ணைச் சோதித்தால் ஈயம் கிலோவுக்கு 300 மி.கி. என்று வருகிறது. இது அரிதான நிலை அன்று. ஈயம் வேர்வழியாக மேலேறுவதில் மிகவும் மந்தமானது. செடியை வாட்டுவதற்கு முன் மனிதருக்குத் தீங்கு செய்யும் அளவை எட்டிவிடும். குழந்தைகள் புழங்கும் மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருந்த 400 மி.கி. என்ற எல்லையை 2024இல் 200ஆகக் குறைத்தது. குழந்தைகளின் இரத்தத்தில் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்றுமே இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே இலையின் பசுமையை மண்ணுக்கான நற்சான்றாகக் கொள்ளாதீர்கள்.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது கீரை. நம் தரைபடர் செடிகளில் பாதி உண்ணக்கூடியவை அல்லது மருந்தாகப் பயன்படுபவை: வல்லாரை, பொன்னாங்கண்ணி, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, கரிசலாங்கண்ணி, பொடுதலை. பூங்கா ஓரத்திலும் ஏரிக்கரையிலும் சாக்கடை வழிந்த மண்ணிலும் இவற்றைப் பறித்துக் கட்டுகளாக விற்பதும், முடிக்கு எண்ணெய் காய்ச்ச எடுத்துச் செல்வதும் அன்றாடம் காணும் காட்சி. பருப்புக்கீரை குரோமியம் உள்ளிட்ட உலோகங்களைத் தண்டிலும் இலையிலும் சேர்க்கும் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பொடுதலையைப் பற்றி புளோரிடாவின் மாசுபட்ட இடமொன்றில் செய்து 2006இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது: அங்கே தானே வளர்ந்த 17 இனச் செடிகளில், செம்பையும் துத்தநாகத்தையும் தண்டுக்கு ஏற்றுவதில் முதலிடம் பெற்றது பொடுதலைதான். அதன் தண்டில் இருந்த செம்பு வேரில் இருந்ததைப் போல 12 மடங்கு, துத்தநாகம் 6.3 மடங்கு. எந்த மண்ணிலும் தளராத செடி என்று நாம் பாராட்டும் பொடுதலை, செம்பும் துத்தநாகமும் மிகுந்த இடத்தில் அவற்றை மேலே கொண்டுவந்து வைக்கிறது. பொடுகுக்கு அரைத்துத் தேய்க்கும் செடியை அத்தகைய இடத்தில் வளர்ப்பதைத் தவிர்ப்பதே முறை.

உண்ணும் இலைக்கான வரம்பைப் பாருங்கள். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரத்தின்படி இலைக் காய்கறியில் கிலோவுக்கு ஈயம் 0.3 மி.கி., காட்மியம் 0.2 மி.கி. வரை இருக்கலாம். இது பச்சைக் கீரையின் எடைக்கானது. ஆய்வகங்கள் பெரும்பாலும் உலர் எடைக்கே எண் தருகின்றன. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்று கொண்டால், உலர் எடையில் 3 மி.கி. ஈயம் இருந்தாலே வரம்பு எட்டிவிடுகிறது. இனி வேர்வழியை மறந்துவிட்டு, மழைத்துளி தெறித்து இலையில் ஒட்டும் மண்ணை மட்டும் கணக்கிடுவோம்: கழுவிய பிறகும் உலர் எடையில் நூற்றில் ஒரு பங்கு மண் ஒட்டியிருந்து, அந்த மண்ணில் 300 மி.கி. ஈயம் இருந்தால், அதுவே 3 மி.கி. ஆகிவிடுகிறது. தரையை ஒட்டிப் படரும், சுணையும் மடிப்பும் உள்ள இலைகளில் இந்த அளவு ஒட்டுவது கடினமே அல்ல. எனவே செடி உலோகத்தை வேரிலேயே நிறுத்தும் இனம் என்ற காரணத்தால் மாசுபட்ட மண்ணின் கீரை உண்ணத் தக்கது ஆகிவிடாது.

செய்ய வேண்டியது தெளிவானது. உண்ணக்கூடிய இனங்களை அந்த இடத்திலிருந்து முற்றிலும் நீக்கி, அருகு, வெட்டிவேர் போன்ற, யாரும் கீரையாகப் பறித்துச் சமைக்காத அடர்ந்த மூடாக்குகளைக் கொண்டு வாருங்கள். பூசைக்கு அருகு பறிப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். அருகம்புல் சாறு குடிப்பவர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் "பறிக்காதீர்" என்று மட்டும் எழுதினால் அது பூங்கா விதியாகவே படிக்கப்படும். "இந்த மண்ணில் ஈயம் உள்ளது, இலைகளை உண்ண வேண்டாம்" என்று காரணத்தோடு எழுதினால் மக்கள் மதிப்பார்கள். மண் வெளியே தெரியும் இடைவெளி ஓர் உள்ளங்கை அளவுகூட இல்லாமல் மூடுவதே இங்கே குறிக்கோள். தூசியாகப் பறப்பதையும் குழந்தையின் கையில் ஒட்டுவதையும் தடுப்பது அதுவே.

செடி வளர்த்து மண்ணைச் சுத்தம் செய்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு சதுர மீட்டரில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 260 கிலோ மண் இருக்கும். கிலோவுக்கு 300 மி.கி. என்றால் அதில் 78 கிராம் ஈயம். ஒரு தரைபடர் செடி ஆண்டுக்கு ஒரு கிலோ உலர் தழை தந்து, அதில் கிலோவுக்கு 50 மி.கி. ஈயம் ஏறியிருந்தால்கூட, வெளியேறுவது ஆண்டுக்கு 50 மி.கி. மட்டும். 300ஐ 200ஆகக் குறைப்பதற்கே 520 ஆண்டுகள் ஆகும். நகரத்தின் ஈய மண்ணில் தரைபடர் செடியின் பணி உலோகத்தை உறிஞ்சுவது அன்று, அதை அசையவிடாமல் மூடிவைப்பது.

மண் மாதிரி எடுக்கும்போது

மேற்சொன்ன எல்லாமே சரியான மாதிரியைப் பொறுத்தவை. குழந்தைகள் தொடும் மண்ணைப் பற்றிய கேள்வி என்றால் மேல் 5 சென்டிமீட்டரையும், செடியின் வேரைப் பற்றிய கேள்வி என்றால் 15 சென்டிமீட்டர் வரையிலும் எடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நலிந்த பகுதியிலிருந்து எட்டுப் பத்து இடங்களில் எடுத்துக் கலந்து ஒரு மாதிரி, நலிவில்லாத பகுதியிலிருந்து அதேபோல் இன்னொரு மாதிரி என்று குறைந்தது இரண்டு மாதிரிகள் இருக்க வேண்டும். ஒப்பிட இன்னொன்று இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் தீர்மானிக்க இயலாது. துத்தநாகம் பூசிய வாளியிலோ பித்தளைத் தட்டிலோ மண்ணைக் கலந்தால் அவற்றின் உலோகமே அறிக்கையில் வந்து நிற்கும். பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் வழக்கமாக அளப்பவை பி.எச்., உப்பின் அளவு, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் ஆகியவையே; ஈயம், காட்மியம், குரோமியம் வேண்டுமெனில் மண்ணை அமிலத்தில் கரைத்து, ஐ.சி.பி. அல்லது அணு உறிஞ்சல் என்ற உலோக அளவீட்டுக் கருவியில் அளக்கும் ஆய்வகத்தில், உலோகத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். குரோமியத்துக்கு மொத்த அளவோடு ஆறு இணைதிறன் அளவையும் தனியாகக் கேளுங்கள்.

வெட்டிய புல்லையும் தழையையும் வீட்டுக் காய்கறித் தோட்டத்தின் உரக்குழிக்கோ மாட்டுக்கோ கொடுக்காதீர்கள், எரிக்கவும் கூடாது. எரித்தால் தழை போய், உலோகம் சாம்பலில் செறிந்து காற்றில் பறக்கும். உலோகத்தை வேரில் நிறுத்தும் செடிகளின் தழையை அதே இடத்தில் மூடாக்காகப் பரப்புவது ஏற்புடையது. பொடுதலை போன்று மேலேற்றும் செடியின் தழையைத் தனியே கட்டி, அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியே மாநகராட்சியின் கழிவு வண்டியில் ஒப்படைக்க வேண்டும். இல்லையெனில் அது குப்பை உரமாகி இன்னொருவரின் கீரைப் பாத்திக்குப் போய்ச் சேரும்.